ஃபேமிலியா என்று கேட்டாள்

பிப்ரவரி 11

சொர்ணம் இந்த டைரியைக் கொடுத்தாள். ரெக்சின் கம்பெனிக்காரன் வருசா வருசம் கடைக்குக் கொடுப்பது. கொழுந்தனுக்கு மெட்ராஸ் டாக்டர் சொல்வதை எல்லாம் இதில் எழுதிக்கொண்டு வரணுமாம்.

"யக்கா, அவுககிட்ட கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாக. நீங்க எழுதிட்டு வாங்க" என்றாள்.

நான் அஞ்சாவது வரைதான். தப்பு இருக்கும். பரவாயில்லை என்றாள்.

கூடப் போக வேண்டியவள் அவள்தான். குளியலறையில் வழுக்கிக் கணுக்காலில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அதனால் நான் போகிறேன். சொர்ணம் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போன பிறகு, அவர் தம்பி நல்லசிவம் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. "அண்ணன் கூட்டிட்டு வந்த ஆளு, இங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். போர்ட் பிளேரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை. ஆட்டோவுக்கும் ஜீப்புக்கும் சீட்டு தைக்கிற கடை. அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் மகள் தர்ஷினியைத் தூக்கி வளர்த்தது நான்.

கொழுந்தனுக்கு நெஞ்சில் அடைப்பு. இங்கே பார்த்துவிட்டு, மெட்ராஸில் ஆஞ்சியோ செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சொர்ணம் பேரில் போட்ட டிக்கெட்டை என் பேருக்கு மாற்ற முடியாதாம். அதை ரத்து செய்துவிட்டு எனக்குத் தனியாக ஒன்று தர்ஷினி போனில் எடுத்தாள்.

பிப்ரவரி 13

நாளைக் காலை விமானம். அதிரசம் வேண்டாம் என்றேன், சொர்ணம் கட்டிவிட்டாள். நெஞ்சடைப்புக்காரருக்கு அதிரசம். கேட்டால், "உங்களுக்குத்தான்" என்கிறாள்.

மாத்திரை எல்லாம் டப்பாவில் போட்டு என் தோள்பையில் வைத்தாள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை மட்டும் சைடு ஜிப்பில் வைத்தாள்.

"இது உங்க கையில இருக்கட்டும் யக்கா. அவுக சட்டைப் பையில வச்சா அப்படியே துவைக்கப் போட்டுருவாக."

உள்ளே இருந்து கொழுந்தன், "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்றார்.

"எல்.கே.ஜி. பிள்ளையாவது டீச்சர் சொன்னா கேக்கும்" என்றாள் இவள்.

நான் விமானத்தில் போனதே இல்லை. வந்தது கப்பலில். "மதினி, ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான். அவ்வளவு கடலையும் வாந்தி எடுத்துக்கிட்டே தாண்டி வந்தீங்கள்ல, மேல இருந்து ஒரு தடவ பாத்துக்கோங்க" என்றார். சொர்ணம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 14, சென்னை

கொழுந்தன் போய்விட்டார். விமானத்திலேயே.

பிப்ரவரி 15

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி வரணும்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க என்ன உறவும்மா?"

"மதினி. அவுக அண்ணன் சம்சாரம்."

"கூட வந்தீங்களா?"

"கூடத்தான் வந்தேன்."

"கடைசியா என்ன பேசினாரு?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சரி விடுங்க என்று போய்விட்டார்.

சொர்ணம் போன் செய்துகொண்டே இருக்கிறாள். எடுத்தால் அழுகைதான் கேட்கிறது.

பிப்ரவரி 17

வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தும் ஆகிவிட்டது.

மெட்ராஸில் விமானக் கம்பெனியின் சரக்கு ஆபீசுக்குப் போனேன். பெட்டியை எடை போட்டார்கள். மேலே பேர் ஒட்டினார்கள். அங்கிருந்த பையன், "நீங்க யாரு, ஃபேமிலியா?" என்றான். "ஆமா, ஃபேமிலி" என்றேன். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. வரும்போது எனக்கு ஜன்னல் சீட்டு. கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அவர் கீழே சாமான்களோடு வந்தார்.

வீட்டில் பெண்கள் கூட்டம். சொர்ணம் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, பெட்டிமேல் சாய்ந்து கிடந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, பக்கத்துலதான இருந்தீங்க? தண்ணி கேட்டாகளா? என்னைக் கேட்டாகளா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ராஜகனியும் பார்த்தாள்.

"பக்கத்துல இல்ல சொர்ணம். கவுண்டர்ல இருந்த பொண்ணு தனித்தனியா போட்டுட்டா. சேத்துப் போடச் சொல்லிக் கேட்டேன். முடியாதுன்னுட்டா."

வாயில் வந்துவிட்டது.

நான் சத்தம் போட்டு அழவில்லை. பெண்டாட்டியை விட மதினி அதிகம் அழுதால் நன்றாக இருக்காது.

பிப்ரவரி 20

சொர்ணத்தின் கட்டு நனையாமல் பாலிதீன் சுற்றிக் குளிப்பாட்டினேன். கஞ்சி குடிக்கமாட்டேன் என்றாள். நான் ஊட்டினால் குடிக்கிறாள். தோள்பை ஆணியில் தொங்குகிறது. இன்னும் பிரிக்கவில்லை.

பிப்ரவரி 22

தர்ஷினி விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறாள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினாள். இதய நோயாளியையும் அவரைக் கவனிக்க வந்த குடும்பத்துப் பெண்ணையும் பிரித்து உட்கார வைத்தார்கள். கெஞ்சிக் கேட்டும் கவுண்டரில் இருந்த ஊழியர் மறுத்துவிட்டார். அதனால் என் அப்பா தனியாக இறந்தார்.

"கெஞ்சிக் கேட்டும்னு போடாத" என்றேன்.

"கெஞ்சலையா நீங்க?"

"கேட்டேன். கெஞ்சல."

"அப்ப 'கேட்டும்'னு போடுறேன். பெரியம்மா, நீங்க ரொம்ப நல்லவங்களா இருக்காதீங்க. அவளுக்கு ஒரு நிமிசம் ஆயிருக்குமா மாத்த? நான் படிச்சுப் பாத்துட்டேன். ஒரே டிக்கெட்டா இருந்தா கம்ப்யூட்டரே சேத்துப் போட்டுருமாம். தனித்தனி டிக்கெட்டுன்னா கவுண்டர்ல கேட்டு மாத்திக் கொடுக்கணுமாம். அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டாளாம். ஊரே திட்டுகிறது என்றாள். அந்தப் பெண்ணின் பேர் ரெபேக்கா. சட்டையில் குத்தியிருந்தது. நான் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மீன் வாங்குவதில்லை. பருப்பும் கீரையும்தான்.

பிப்ரவரி 24

டெல்லியிலிருந்து கம்பெனிக்காரன் ஒருவன் போன் செய்தான். தர்ஷினி ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். இந்தியில் ரொம்ப மரியாதையாகப் பேசினான். குடும்பமாக வருகிறவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் கம்பெனி வழக்கம், நடந்ததற்கு வருந்துகிறோம் என்றான். பிறகு கேட்டான். ஒன்றாக உட்கார வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களா?

சொன்னேன் என்றேன். இந்தியில் சொன்னேன். இந்தியில் சொல்லும்போது பொய் மாதிரி தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

பிப்ரவரி 27

மேனேஜரும் அந்தப் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கூடை பழம் கொண்டுவந்தார்கள். சொர்ணம் அதைத் தொடவே இல்லை.

யூனிபாரம் இல்லாமல் அந்தப் பெண் இன்னும் சின்னவளாக இருந்தாள். தர்ஷினியை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். மேனேஜர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"சாரி ஆன்ட்டி. ஆனா நான் கேட்டேன். அவங்ககிட்டயே கேட்டேன். அவங்க இல்லன்னு…"

சொர்ணம் கத்தினாள். "கேட்டியா? எங்கக்கா பொய் சொல்லுதாளா? ஒரு மனுசன் செத்துருக்காரு. வீட்டுக்கு வந்து உக்காந்து இன்னும் பொய் சொல்லுத?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சண்டையாகப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்கிற மாதிரி பார்த்தாள்.

தர்ஷினியும் என்னைப் பார்த்தாள்.

நான் பழக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள், மாதுளை. மேலே ஒரு பிளாஸ்டிக் ரிப்பன்.

மேனேஜர் அவளிடம், "உட்காரு, ஆர்க்யூ பண்ணாதே" என்றார். அவள் உட்கார்ந்தாள். போகும்போது என்னிடம் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எதற்கு என்று தெரியவில்லை.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தர்ஷினிக்கு அது போதவில்லை.

மார்ச் 1

பதினாறு. சொர்ணத்தின் தாலியைக் கழற்றினார்கள். நான் பின்னால் நின்றேன். அவள் கழுத்தில் கறுத்த கோடு தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, போக ரொம்ப நாள் ஆனது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவினேன். கழுவும்போது கொஞ்சம் அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

மார்ச் 4

கடையைத் திறந்தேன். தைத்து முடித்த சீட்டுகளை உரியவர்களிடம் கொடுக்கணும். பாதியில் நிற்பதை அப்படியே திருப்பிக் கொடுக்கணும். ஆட்டோக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் ரெபேக்கா வந்தாள். அக்கரையில் இருக்கிற பாம்பூ ஃப்ளாட்டிலிருந்து படகில் வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

சத்தியமாக இது ஒன்றுதான் சொன்னேன். அவள் அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு ஆன்ட்டி. எல்லாரும் கேக்கலன்னு சொன்னதும், நான்தான் கேக்கலையோன்னு. ராத்திரி தூக்கம் வரல."

வெள்ளிக்கிழமை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எங்களுக்கும் சொல்வார்களாம். நான் வந்து உள்ளதைச் சொன்னால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். கான்ட்ராக்ட் வேலை. அவள் இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

எழுந்தவள் திரும்பி நின்றாள்.

"இன்னொண்ணு ஆன்ட்டி. அன்னைக்கு வீட்டுல சொல்ல வந்தேன். அந்த ஆன்ட்டி விடல. விமானத்துக்குப் போற கேட்டுலயும் நான்தான் டியூட்டி. உடம்பு முடியாதவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க ஃபேமிலியோட முதல்ல ஏறலாம்னு கூப்பிட்டோம்ல? அங்கிள் தனியா வந்தாரு. மூச்சு வாங்குச்சு. அங்கிள், கூட வந்தவங்களுக்குப் பக்கத்துல சீட்டு மாத்தித் தரட்டுமா, இப்பக்கூட முடியும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"வேண்டாம்மா, மதினிக்குச் சங்கடம், நம்மூரு ஆளுங்க ரெண்டு மூணு பேரு நிக்குறாங்க, ரெண்டு மணி நேரம்தானன்னாரு. அப்புறம் அங்க கிடந்த சேரத் தடவிப் பாத்துட்டு, இதுக்கு யாரும்மா ரெக்சின் போட்டது, ஓரத்துப் பைப்பிங் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குதே, உங்க மேனேஜர்கிட்ட என் நம்பரக் குடுன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனாரு."

அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அங்கேயே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்.

கவுண்டரில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஃபேமிலியா?" என்றாள். எங்கள் பக்கம் ஃபேமிலி என்றால் பெண்டாட்டி. கல்யாண வீட்டில், ஃபேமிலி வரலையா என்று கேட்டால் பெண்டாட்டி வரலையா என்றுதான் அர்த்தம். எனக்கு அப்படித்தான் கேட்டது. கொழுந்தன் ஆமா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் முந்திக்கொண்டு, "இல்ல இல்ல, தனித்தனி, தனி டிக்கெட்டு" என்றேன். சத்தமாகச் சொன்னேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் ராஜகனியின் தம்பி நின்றான். அவனுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

 கொழுந்தன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க கடைசில, நான் முன்னால" என்றார். அவ்வளவுதான்.

கேட்டில் அவரைக் கூப்பிட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். தேடவில்லை.

பாதி வழியில் முன்னால் ஆட்கள் ஓடினார்கள். டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று மைக்கில் இந்தியிலும் கேட்டார்கள். எனக்கு இந்தி தெரியும். யாருக்கோ என்று நினைத்தேன். நினைத்தேனா? எழுந்தேன். ஒரு பையன் வந்து பெல்ட் போடுங்கள், உட்காருங்கள் என்றான். உட்கார்ந்துவிட்டேன். என் கூட வந்தவருக்கு நெஞ்சுவலி, அவரா என்று பாருங்கள் என்று அவனிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது. அவர் தனியாக வந்தவர் என்றுதான் அவர்கள் கணக்கில் இருந்திருக்கிறது. யாரும் என்னைத் தேடி வரவில்லை. பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அதில்தான் இருந்தது.

விமானம் இறங்கினதும் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டை தெரிந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டை.

மாத்திரை கொடுத்திருந்தாலும் சொல்ல முடியாது என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை எழுதச் சொன்னாளே சொர்ணம். எழுதிவிட்டேன்.

மார்ச் 5

சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை தலை வாரிவிட்டேன். ஒரு தடவை மருந்து தடவிவிட்டேன்.

சொன்னால் இந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம். எனக்கு வேறு இடம் இல்லை. அது பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. ஏன் இல்லைன்னு சொன்னீங்க என்று கேட்பாள். அதற்குப் பதில் அவள்தான்.

தர்ஷினி ஒண்ணாவது படிக்கும்போது எனக்குக் காய்ச்சல். கொழுந்தன் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிற்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் ராஜகனி சொர்ணத்திடம், "உங்க வீட்டுக்காரரு ஃபேமிலியோட போறாரேன்னு பார்த்தேன், நீ இங்க நிக்க?" என்று சிரித்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குடத்தை எறிந்தாள் சொர்ணம். "இந்த வீட்டுல யாரு ஃபேமிலி? இன்னைக்கே சொல்லிருங்க" என்றாள். கொழுந்தன் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். மறுநாள் அவளே எனக்கு ரசம் வைத்துக் கொண்டுவந்து, "கோவத்துல பேசிட்டேன் யக்கா" என்று அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அவள் மறந்திருப்பாள். தங்கமான மனசு.

நான்தான் அந்த ஸ்கூட்டரில் அப்புறம் ஏறவில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சமையல்கட்டை விட்டு வெளியே வருவேன். கடைக்குச் சேர்ந்து போனாலும் பத்தடி பின்னால் நடப்பேன். அவரும் திரும்பிப் பார்த்து நின்றதில்லை. தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார்.

இதை எப்படி அவளிடம் சொல்ல?

மார்ச் 6

அரிசி கழுவிப் போட்டேன். ரசம். அப்பளம்.

மார்ச் 7

ஏர்போர்ட் ஆபீசுக்குப் போனோம். சொர்ணத்தை வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "எங்க அக்கா தனியா போயி அவனுகளுக்குப் பயந்துருவா" என்று தர்ஷினியிடம் சொன்னாள். ஆட்டோவிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி நடந்தாள்.

மேனேஜர், டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மா, ரெபேக்கா. டெல்லி அம்மா கேட்பதை மேனேஜர் தமிழில் சொன்னார். தர்ஷினி கேள்விகளோடு தயாராக இருந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன். "இந்தப் பிள்ளை கேட்டா. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

தர்ஷினி, "பெரியம்மா, பயப்படாதீங்க" என்றாள். நான் மிரட்டப்பட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

"பயந்து சொல்லலம்மா. அவ கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. என்கிட்ட ஒருக்க, உங்கப்பாகிட்ட ஒருக்க. சேத்துப் போடுன்னு நான் கேக்கவே இல்ல. வீட்டுல சொன்னது பொய். டெல்லிக்காரர்கிட்ட போன்ல சொன்னதும் பொய்."

மேனேஜர் ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். தனி டிக்கெட்டு என்பதால் அப்படிச் சொல்லணும் என்று நினைத்தேன் என்றேன். படிக்காதவள், விவரம் தெரியாது என்றேன். அவர் நம்பிவிட்டார். டெல்லி அம்மா பாவம் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

சொர்ணம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை?" என்றாள்.

"என் பையில இருந்துச்சு."

வெளியே வரும்போது நான் தோளைக் கொடுத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ரெபேக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். சொர்ணம் உதறவில்லை. ஆட்டோ வரை அந்தப் பிள்ளைதான் கூட்டிக்கொண்டு வந்தாள்.

 ஆட்டோவில் தர்ஷினி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து துணிமணிகளை எடுத்து வைத்தேன். போ என்று அவள் சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. சொர்ணம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை என்ன வார்த்தை கேட்டா?"

"சேந்துதான் வந்தீங்களான்னு…"

"யக்கா. என்ன வார்த்தை?"

"ஃபேமிலியான்னு கேட்டா."

சேலையை மடிக்கிறேன், மடிக்கிறேன், மடிப்பு நிற்கவில்லை. சொர்ணம் அடுத்ததைக் கேட்டாள்.

"அவுக என்ன சொன்னாக?"

பொய் சொல்ல ஒரு இடம் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதுதான் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ஆமான்னாக. சொல்லி முடிக்கல. அதுக்குள்ள நான் இல்லன்னுட்டேன்."

சொர்ணம் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அவுகளுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு" என்றாள். "நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போ என்றும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10

ரெபேக்கா டியூட்டிக்குப் போய்விட்டாளாம். தர்ஷினி சொன்னாள். என்னிடம் இல்லை. அவள் அம்மாவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி.